கேட்டவர் செல்வி, கொடுத்தவர் செல்வி

பெயரைக் கொடுத்தால் ஆளைக் காட்டுவது எங்கள் தொழில். காட்டியது வேறு ஆளாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் சம்பளத்தோடு சேர்த்துக் கிடைப்பது.

கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் பாஸ்வேர்டு பட்டியல் என்று ஒன்று இருக்கும். உள்ளே வர யார் யாருக்கு அனுமதி, அவரவர் எண் என்ன, அவரவர் கோப்புகள் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் ஆளைத் தேடிச் சொல்லும் சின்ன ப்ரோக்ராம்களை, எங்கள் பாஷையில் ஃபங்ஷன்களை, எழுதுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வது ஒன்று, எண்ணைக் கேட்டுப் பெயரைச் சொல்வது இன்னொன்று. கேட்டால் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு, மிளகு கோடவுனின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மூட்டை இறங்கினால் மேலே ஏழு பேரும் சேர்ந்து தும்முவோம். காக்கநாட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இதே வேலையைச் செய்கிறவர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அவர்களுக்கும் பயம் உண்டு, தும்மல்தான் இல்லை.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு என் கஷ்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் ஏதாவது ஒரு கவுண்டரில் கால் கடுக்க நின்று, "சிஸ்டத்துல உங்க பேரு இல்லையே" என்று கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் வேறு எங்கோ ஒரு மாடியில் என்னைப் போல ஒருத்தி முகம் வெளிறி உட்கார்ந்திருப்பாள். தோப்பும்படியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் செல்வியை நான் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அனுப்பப் பார்த்த கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் பயம் எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

படகு உள்ளே வந்தது

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். தோப்பும்படி ஹார்பரில் ஒரு மீன் கம்பெனிக்காகச் சின்னத் திரை ஒன்று வைத்திருந்தோம். படகுக்காரர் தன் பெயரை அடித்தால் அவருடைய படகு கரை சேர்ந்த நேரம் தெரியும். அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத பெயரை யாராவது அடித்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. ஆள் இல்லை என்றால் எண்ணும் இல்லை, எண் இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். அந்த மெஷினில் பூஜ்யம் என்பது எல்லாவற்றையும் திறக்கவும் அழிக்கவும் உரிமை உள்ள பெரிய எஜமானின் எண். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கை எழுதும்போது தலை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

ஒரு படகுக்காரர் தன் பெயருக்குப் பதில் படகின் பெயரை அடித்திருக்கிறார். படகு பட்டியலில் இல்லை. ஆகவே படகு எஜமானாகிவிட்டது. ஹார்பரில் இருக்கிற அத்தனை பேருடைய பதிவும் அவர் முன்னால் திறந்து கிடந்தது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அழிக்கும் பட்டனோடு. போனில் அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எதையும் தொடாதீர்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மோளே, என் பேரு போட்டா என் படகு மட்டும் தெரியுது. படகு பேரு போட்டா ஹார்பரே தெரியுது. நல்ல சங்கதி, கேட்டோ. இத மாத்தாதே."

பாதியில் நின்ற கடிதம்

மட்டாஞ்சேரியிலேயே ஒரு ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே பல வருஷமாகக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வேலை நேரத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அடுத்த மாதம் அந்த நாற்காலிக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். காலியாகக் கிடந்த எண்ணை அவளுக்குக் கொடுத்தேன். காலியான எண்ணை வீணாக்குவானேன் என்ற சிக்கன புத்தி.

கோப்பின் மேல் ஆளின் பெயர் எழுதியிருக்காது, எண்தான் இருக்கும். திரையில் காட்டுகிற நேரத்தில் ஃபங்ஷன் போய், இந்த எண் யாருடையது என்று பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொல்லும். எனவே பெரியவர் எழுதிய அத்தனை கடிதமும் அந்தப் பெண் எழுதியதாக வரிசையாக நின்றது. கடைசிக் கடிதம் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றிருந்தது. தேதியைப் பார்த்தேன். அவர் விழுந்த நாள். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டு கேட்டாள்: "சேச்சி, நான் எட்டாம் கிளாஸ்ல படிக்கும்போது எழுதின லெட்டர் எல்லாம் இதுல இருக்கு. அந்தப் பாதி லெட்டரையும் நான்தான் முடிக்கணுமா?"

ஆலுவாவில் ஒருவரும் இல்லை

ஆலுவாவில் ஒரு லாரி கம்பெனி. வேலையை விட்டுப் போனவர்களின் கோப்புகள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்றார்கள். ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அது கோப்புகளைப் பார்த்து, இது யாருடையது என்று பட்டியலைக் கேட்கும். அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தால் அழித்துவிடும். ஒரு சனிக்கிழமை பட்டியல் இருக்கும் மெஷினின் கேபிள் லூஸாகிவிட்டது. ப்ரோக்ராம் கேட்டது, பதில் வரவில்லை. "ஆள் இல்லை" என்பதும் "கேட்டதற்குப் பதில் இல்லை" என்பதும் வேறு வேறு. என் ஃபங்ஷனுக்கு இரண்டும் ஒன்றுதான். கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் பேசவில்லை, ஆகவே அந்த வீட்டில் ஆளே இல்லை என்று முடிவு கட்டி, வீட்டை இடிக்கத் தொடங்கிவிட்டது.

எனக்குப் போன் வருவதற்குள் ஆறு பேருடைய கோப்புகள் போய்விட்டன. ஏழாமவருடையது போய்க்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்குங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் கீழே கோடவுனில் மூட்டை தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். பேக்கப் இருந்தது, மீட்டுவிட்டோம். சாயங்காலம் அந்த மேனேஜர் அம்மா போன் செய்தார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நாங்க இருபத்தி மூணு பேரும் இங்கதான் இருக்கோம். எல்லாரும் சாயா குடிச்சாச்சு. உங்க மெஷின்கிட்ட அதை ஒண்ணு சொல்லிடுங்க" என்றார்கள்.

செல்வி கேட்ட கேள்வி

இனி செல்வி. தோப்பும்படி ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோரின் பொறுப்பு அவளுடையது; ஸ்டோர் பகலில் மட்டும்தான் திறந்திருக்கும். அவள் குடும்பம் கம்பத்திலிருந்து மூட்டை தூக்க வந்த குடும்பம். அவள் வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். மலையாளத்தில் எழுதுவாள், தமிழில் சண்டை போடுவாள். என் கதையும் ஏறக்குறைய அதுதான். எங்கள் வீட்டிலும் தமிழ் பேச்சுக்கு, மலையாளம் பள்ளிக்கூடத்துக்கு. அதனால் முதல் நாளே அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டு ஒட்டிக்கொண்டாள்.

அந்த ஸ்டோரில் கடுமையான வலிக்குப் போடும் ஊசி மருந்துகளைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி. அதற்குச் சட்டம் ரொம்பக் கறார். கேட்பவர் ஒருவர், எடுத்துக் கொடுப்பவர் இன்னொருவர், இரண்டு பெயரும் பதிவாக வேண்டும். ஒரே ஆள் கேட்டு அதே ஆள் எடுத்தால் அதற்குத் திருட்டு என்று பெயர். வார்டிலிருந்து நர்ஸ் திரையில் கேட்பார், சாவி வைத்திருக்கும் செல்வி ஸ்டோர் திரையில் ஒப்புக்கொண்டு கொடுப்பாள், எங்கள் ஃபங்ஷன் இரண்டு பேரையும் பட்டியலில் தேடிப் பெயரை எழுதும். எப்படி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது செல்வி கையைத் தூக்கினாள். ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பற்றிக் கேட்டால் அதற்குக் குழம்பாதா என்று கேட்டாள். நான் சிரித்தேன். மனுஷர்கள்தான் குழம்புவார்கள், மெஷின் குழம்பாது என்று சொன்னேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வாயில் கசக்கிறது. செல்வி தலையாட்டினாள். "நீங்க சொன்னா சரிதான் அக்கா. தினமும் இதுல விழப்போறது என் பேராச்சே, அதான் கேட்டேன்."

தொடக் கூடாத வரி

அந்த ஃபங்ஷனை முதலில் எழுதியவன் ரஞ்சித். காக்கநாட்டில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் போன பிறகு எல்லாம் என் தலையில். ஒரு நாள் வேலை குறைவாக இருந்தது. பழைய ப்ரோக்ராமைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்வோம் என்று உட்கார்ந்தேன். செல்வியின் அலமாரி ஃபங்ஷனில் ஒரு வரி. முதல் ஆளைத் தேடி எடுத்த பிறகு, அந்தப் பெயரை இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வைக்கும் வரி. பெயர்தான் கையில் இருக்கிறதே, எதற்குப் பிரதி? பக்கத்தில் ரஞ்சித் மலையாளத்தில் எழுதியிருந்தான்: இந்த வரியைத் தொடாதே. ஏன் என்று எழுதவில்லை.

ஏன் என்று எழுதாத "தொடாதே"யைப் பார்த்தால் இந்தத் தொழிலில் யாருக்குத்தான் கை அரிக்காது? எடுத்துவிட்டேன். சோதித்தும் பார்த்தேன். ஆபீஸ் மெஷினில் என் பெயர் மட்டும்தான் உண்டு. நானே கேட்டேன், நானே கொடுத்தேன். கேட்டவர் ஷாஹிதா, கொடுத்தவர் ஷாஹிதா என்று அழகாக வந்தது. ஆஸ்பத்திரி மெஷினில் ஏற்றிவிட்டேன். எங்கள் முதலாளி பென்னி சார் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வ்ருத்தியா, சுத்தமா இருக்கு, ஷாஹிதா. எடுத்துப் போடுறதுக்கும் ஒரு தைரியம் வேணும்."

திங்கட்கிழமைக்கு ஒரு கையெழுத்து

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரி மேனேஜர் தோமஸ் சார் கூப்பிட்டார். மருந்துப் பரிசோதனைக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று அலமாரிப் பதிவை அச்சடித்துப் பார்த்திருக்கிறார். கேட்டவர் செல்வி, கொடுத்தவர் செல்வி. அடுத்த வரியும் அதே. அடுத்த பக்கமும் அதே. போன சனிக்கிழமையே செல்வியிடம் சாவியை வாங்கி, அலமாரிக்கு சீல் வைத்துவிட்டு, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். தான் கேட்கவே இல்லை, நர்ஸ்கள் கேட்டுத்தான் கொடுத்தேன் என்று அவள் அழுதிருக்கிறாள். நர்ஸ்களை வரிசையாக நிறுத்திக் கேட்டிருக்கிறார். மருந்துத் திருட்டு விவகாரம் என்று காதில் விழுந்ததும் ஒருத்தர்கூட நான் கேட்டேன் என்று தலையைக் கொடுக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

என்னை அவர் கூப்பிட்டது சந்தேகம் கேட்க அல்ல. அந்தத் தாள்களோடு, சிஸ்டம் சரியாக வேலை செய்கிறது என்று கம்பெனி சார்பில் ஒரு சான்று வேண்டுமாம். அதை எழுதியே அனுப்பியிருந்தார். கீழே என் பெயர் அச்சாகி, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது. நீங்க ஒரு ஒப்பு போட்டுட்டா திங்கட்கிழமை காலையில ஸ்டேஷன்ல கொடுத்துடுவேன்" என்றார்.

ஒரே கிளாஸ்

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. திருடியது செல்வி, என் ஃபங்ஷன் இல்லை என்று ஒரு கெட்ட நிம்மதி. பதிவை நானும் திறந்து பார்த்தேன். இரண்டு மாதத்தில் இரண்டு வேறு பெயர் உள்ள வரி ஒன்றுகூட இல்லை. திருடுகிறவள் நடுநடுவே ஒழுங்காகவும் நாலு ஊசி கொடுத்திருப்பாளே? அதற்கு முந்தைய மாதங்களைப் பார்த்தேன். எல்லா வரியிலும் இரண்டு பெயர். ஒரு நர்ஸ், ஒரு செல்வி. ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து நர்ஸ்கள் மறைந்து போயிருந்தார்கள். அந்த நாள் எது என்று தேதியைப் பார்த்தேன். நான் கூட்டிப் பெருக்கிய நாள்.

விஷயம் இதுதான். ஒரே ஒரு கிளாஸ் மட்டும் உள்ள சாயாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு சாயா சொல்கிறீர்கள், வருகிறது. குடிக்காமல் வைத்துவிட்டு ஒரு காப்பி சொல்கிறீர்கள். கடைக்காரர் அந்த கிளாஸிலேயே சாயாவைக் கொட்டிவிட்டுக் காப்பியை ஊற்றி வைக்கிறார். ஆளைத் தேடும் அந்தப் பழைய ஃபங்ஷனும் பதிலை எப்போதும் ஒரே இடத்தில்தான் வைக்கும். முதலில் நர்ஸைத் தேடினால் அங்கே நர்ஸ். அடுத்து செல்வியைத் தேடினால் நர்ஸ் போய் செல்வி. அதனால்தான் ரஞ்சித் முதல் பெயரைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருந்தான். நான் அதைத்தான் வேண்டாத வரி என்று எடுத்தேன். என் சோதனையில் முதலில் வந்ததும் ஷாஹிதா, அடுத்து வந்ததும் ஷாஹிதா என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. ரஞ்சித்துக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஏன்னு எழுத அன்னைக்கு நேரம் இல்ல. அதனாலதான் தொடாதேன்னு எழுதினேன். நீ தொட்டாச்சு, அல்லே?"

ஏழு பேர்

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அந்த வரியைத் திரும்பப் போட்டு ஏற்றிவிட்டால் இனிமேல் வரும் பதிவெல்லாம் சரியாக இருக்கும். பழையதை யார் தோண்டப் போகிறார்கள்? தோண்டினால்? என் பெயர் சந்தி சிரிக்கும். நர்ஸ்களைப் போல நானும் தலையைக் கொடுக்காமல் இருந்துவிடலாம். கையெழுத்துத் தாள் என் மேஜை டிராயரில் கிடந்தது. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காலி இடம் என்னையே பார்த்தது. காலையில் வீட்டில் என்ன என்று கேட்டிருந்தார்கள். தலைவலி என்றேன்.

சாயங்காலம் பென்னி சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எங்களுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கிறவர். ஆனால் கேட்டதும் எழுந்துகொண்டார். கதவைச் சாத்தினார். தப்பு நம்முடையது என்று எழுதிக் கொடுத்தால் இந்த ஆஸ்பத்திரி போகும், செய்தி பரவினால் மற்றவர்களும் போவார்கள் என்றார். ப்ரோக்ராமைச் சரி செய்து ஏற்று, சான்றையும் கொடு, மிச்சத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றார். அந்தப் பெண் ஜெயிலுக்குப் போவாளே சார் என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே அவர் சொன்னார்: "அங்க அவ ஒருத்தி. இங்க நாம ஏழு பேரு. நீயே எண்ணிப் பாரு, ஷாஹிதா."

மேனேஜரின் பெயர்

எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் அவர் சொன்னதுதான் சரி, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சனிக்கிழமை காலை பென்னி சாரிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்துத் தோப்பும்படி போனேன். பையில் கையெழுத்து இல்லாத தாள். ஆட்டோவிலேயே இரண்டு தடவை திரும்பச் சொல்ல வாய் வந்தது.

தோமஸ் சாரிடம் அந்தப் பதிவு தப்பு என்றேன். அவர் சிரித்தார். நீங்களும் தமிழ், அவளும் தமிழ் என்றார். விளக்கம் சொன்னால் ஏற்க மாட்டார் என்று தெரிந்தது. சாயா, காப்பி, கிளாஸ் எதுவும் அந்த அறையில் எடுபடாது. சார், உங்களுக்கும் கொடுக்க அதிகாரம் உண்டு, ஒரே ஒரு ஊசி, திரையில் மட்டும், நீங்களே கொடுத்துப் பாருங்கள் என்றேன். பக்கத்து அறைத் திரையில், பழுது பார்ப்பதற்காக அந்தப் பட்டியலில் போட்டிருந்த என் பெயரில் உள்ளே போய் ஓர் ஊசி கேட்டேன். அவர் தன் திரையில் ஒப்புக்கொண்டு பட்டனை அழுத்தினார். திரும்பி வந்தேன். திரையில் புதிய வரி விழுந்திருந்தது. கேட்டவர் தோமஸ், கொடுத்தவர் தோமஸ். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கேட்டேன். இன்னொரு தோமஸ், தோமஸ்.

அந்த வரிகளை அழிக்கச் சொன்னார். இந்தப் பதிவை யாராலும் அழிக்க முடியாதபடி எழுதச் சொன்னது நீங்கள்தானே சார் என்றேன். பரிசோதனைக்கு வருகிறவர்கள் இதையும் பார்ப்பார்களா என்றார். பார்ப்பார்கள் என்றேன். ஒரு வாரமாகச் செல்வி இருந்த இடத்துக்கு அவர் ஒரு நிமிஷத்தில் வந்து சேர்ந்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து என் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்: "நான் கேட்கலையே! கேட்டது நீங்கதானே! யாரு வந்து கேட்டாலும் நீங்க அதைச் சொல்லணும், கேட்டோ!"

செல்வி வீட்டில் சாயா

அன்றைக்கே நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து ஒத்துப் பார்த்தார்கள். ஒவ்வோர் ஊசியும் ஒரு நோயாளிக்குப் போயிருந்தது, போட்ட நர்ஸின் கையெழுத்தோடு. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். மெஷின் ஒன்றைச் சொன்ன பிறகு காகிதத்தைப் புரட்ட யாருக்கும் தோன்றவில்லை. நான் வேறு ஒரு தாளில், தவறு என்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி எங்களை விட்டுப் போகவில்லை. வேறு ஆளைப் பிடித்து, அவன் இதைவிடப் பெரிதாக எதையாவது செய்துவிட்டால் என்ற பயமாக இருக்கலாம். பென்னி சார் மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. நாலாவது வாரம் வந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஏன் தொடக் கூடாது என்று பெரிதாக எழுதி வை என்றார். ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

தோமஸ் சாரைப் பார்த்த மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, செல்வியின் வீட்டுக்குப் போனேன். மேனேஜர் அவளைப் போனில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார், ஆனால் என்ன நடந்தது என்று சொல்லவில்லையாம். ஹார்பருக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. முன் கதவைப் பகலிலேயே சாத்தி வைத்திருந்தார்கள். ஏழு நாளாக அப்படித்தானாம், அக்கம்பக்கத்தார் பார்வைக்குப் பயந்து. அவளுடைய அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். செல்வி எனக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன். வரியைச் சொன்னேன், பிரதியைச் சொன்னேன், நான் பெருக்கியதைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை பகல் முழுக்க வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். அன்று நீ கேட்டபோது நான் சிரித்தேனே என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. சாயா ஆறிவிடும் குடிங்க என்றாள். குடித்தேன். காலி கிளாஸை வாங்கிக்கொண்டு நின்றபடியே சொன்னாள்: "ஏழு நாளா நான் யாரு, எப்படிப்பட்டவன்னு எல்லாரும் மெஷின்கிட்டதான் கேட்டாங்க அக்கா. இந்தக் கதவைத் தட்டி என்கிட்ட ஒருத்தரும் கேக்கலை. நீங்களும்தான்."

பெயரைக் கொடுத்தால் ஆளைக் காட்டும் ஃபங்ஷனைப் பதினோரு வருஷமாக எழுதுகிறேன்; ஆளிடமே போய்க் கேட்டுவிடலாம் என்பது மட்டும் என்னுடைய எந்த வெர்ஷனிலும் இன்னும் வரவில்லை.